திரை மூலையில் பாரிஸ் நேரம்

பேட்டரியில் ஓடும் எதைப் பழுது பார்த்தாலும், அது ஏன் ஓய்வெடுக்க மறுக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை போகும். பேட்டரி தீர்ந்து, எழுதியதையெல்லாம் பறிகொடுத்தவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளின் கடைசியில், என் மனைவி இறந்துபோன மறுவருடம், கையேடுகளைப் படித்தே தொழில் கற்று, புதுச்சேரியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வந்தேன். மடிக்கணினி என்ற பெயரெல்லாம் அப்போது இல்லை, பெட்டி என்போம்.

வராத பிரிண்டர்

ஊருக்குள் சாரம் பகுதியிலிருந்து ஒரு கட்டட எஞ்சினியர் வந்தார். சும்மா விட்டால் தானே தூங்கிவிடும் என்று சொல்லி விற்ற பெட்டி, பைக்குள் கொதிக்கிறதாம். திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு பக்கத்தை அச்சடிக்கச் சொல்லிவிட்டு, பிரிண்டரைக் கழற்றியிருக்கிறார். பெட்டி அது வரும் வரும் என்று விழித்தே கிடக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"பிரிண்டர் ஆபீசுலயே கிடக்குதே. அது வராதுன்னு இதுகிட்ட யாரு சொல்றது?"

மூன்று கடிதங்கள்

அடுத்து ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குபவர். பிரெஞ்சுக்காரர்கள் ஐயாவுக்குச் சொல்வதுபோல் முசியே என்றுதான் கூப்பிடுவேன். பாரிஸில் வேலை பார்க்கும் மகன், லீவில் வந்தபோது தன் பெட்டியை அப்பாவுக்கு விட்டுப் போயிருந்தான். இவர் அதில் கடிதம் அடித்து, பிளாப்பியில் ஏற்றித் தபாலில் அனுப்புவார். பாதி எழுதிவிட்டுக் கோயில் பூசைக்குப் போய்வந்தால் பேட்டரி செத்திருக்கும், கடிதமும் போயிருக்கும். அப்படி மூன்று கடிதங்கள் போயின.

காரணம், திரை மூலையில் ஓடிய ஒரு சின்னக் கடிகார புரோகிராம். நொடிக்கு நொடி எண்ணை மாற்றிப் பெட்டியைத் தூங்கவிடாமல் செய்தது. போதாததற்கு, நேரமும் மணிக்கணக்கில் பின்தங்கியிருந்தது. எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் பெட்டி தூங்கியது. விசையைத் தட்டியதும் கடிதத்தோடு எழுந்தது. எனக்குப் பெருமை. அவர் திரை மூலையையே பார்த்தார்.

"நல்லது தம்பி. ஆனா அந்த இடம் காலியா இருக்குதே."

திரும்பக் கூப்பிட்டார்

ஒரு வாரத்தில் ஆள் அனுப்பினார். கடிகாரத்தைத் திரும்பப் போட வேண்டுமாம். அது பாரிஸ் நேரமாம். மகன் எழுந்திருப்பானா, வேலைக்குக் கிளம்பியிருப்பானா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம். அதற்கென்ன, சுவர்க் கடிகாரம் ஒன்றை அந்த நேரத்துக்குத் திருப்பி மாட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அது நான் வெச்ச நேரமாயிடும் தம்பி. இது அவன் கையால வெச்சது. லெட்டரு போனா திரும்ப எழுதிக்கறேன்."

கடிகாரத்தைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் கடிதத்தைப் பிளாப்பியில் ஏற்றிவிட மட்டும் பழக்கினேன்.

வீணாக ஓடுவதையெல்லாம் தேடி நிறுத்துவதே தொழில் என்றிருந்த நான், யாரும் மணி பார்க்காத என் மனைவியின் கைக்கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் புறப்பட்டேன்.