பாதிச் செடி

எதிர்வீட்டுச் செடிவேலியைப் பாதி வெட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார் தோட்டக்காரர். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. இலங்கையில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் அவள் கொழுந்தெடுத்த நிரையும் ஒருநாள் இப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு தேயிலைச் செடியிலும் வலப்பாதி பறித்தாயிற்று. இடப்பாதியில் கொழுந்து அப்படியே நின்றது.

“என்ன ராமாயி, கண்ணு தெரியலியா?” என்று கங்காணி கத்தினார்.

“முழுசாத்தானேங்க எடுத்திருக்கேன்” என்றாள் அம்மா. முகத்தில் பொய் இல்லை.

தோட்டத்து டாக்டர் ஐயா அவளைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: “கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைக்கு ரத்தம் போற குழாய் ஒண்ணு அடைச்சிருச்சு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது.”

லயத்து வீட்டில் அம்மா தட்டில் இடப்பாதிச் சோற்றை வைத்துக்கொண்டே இன்னும் சோறு கேட்டாள். அப்பா தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைத்தார். புதுச்சோறு வந்ததென்று சந்தோஷமாகச் சாப்பிட்டாள். கடுகளவு அடைப்பு, பாதி உலகத்தையே கொண்டுபோய்விட்டது! எனக்கு அந்த வியப்பு இன்றும் அடங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் இடக்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

“புள்ளய எங்கங்க காணோம்?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

எழுந்து அவளுடைய வலப்பக்கம் வந்தேன்.

“எப்ப வந்தே தாயி?” என்றாள்.