உள்ளங்கைக்கு மேட்சிங்

என் கைப்பேசிக்கு என்னைத் தெரியாமல் போய்விட்டது. கட்டைவிரலை வைத்தேன், திறக்கவில்லை. ஆள்காட்டி விரலுக்கும் அதே பதில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் நுனியைப் பார்த்தால் ரேகையே இல்லை. மட்டமான பாலியஸ்டர் மாதிரி மழமழவென்று இருந்தது. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆச்சரியம்தான். ஐம்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்த கோடுகள் எங்கே போயிருக்கும் என்று பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு குடலில் இருந்த கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். மிச்சம் எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதையும் தீர்த்துவிடலாம் என்று கீமோ கொடுத்தார்கள். கீமோ என்றால் ஊசி, பாட்டில், கட்டில் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது மாத்திரை. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு பதினான்கு நாள் போட வேண்டும், ஏழு நாள் விட வேண்டும். அது ஒரு சுற்று. இப்படி எட்டுச் சுற்று. முடி கொட்டாது என்று டாக்டர் சொன்னதும் பாதிக் கிணறு தாண்டிய தெம்பு வந்துவிட்டது. கை, கால், வாயைக் கவனித்து, எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதிவரச் சொல்லி நர்ஸ் ஒரு நோட்டைக் கொடுத்தபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

தி.நகரில் எங்களுடையது மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை. புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்கு ஒத்த நிறத்தில் ரவிக்கைத் துணி வெட்டித் தருவோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த என் கணவர் குடும்பம் போட்ட கடை அது. கல்லாவில் அவர், நிறம் பார்ப்பதற்கு நான். எங்கள் கடையில் வெறும் பச்சை என்று ஒன்று கிடையாது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர்ப் பச்சை என்றுதான் பேச்சு. அதோடு எங்களுக்கு ஒரு கறாரான பழக்கம் உண்டு. ட்யூப் லைட் வெளிச்சத்தை நம்பி வெட்ட மாட்டோம். புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரியைக் கையில் எடுப்போம்.

அந்தக் கண்ணோடுதான் என் வாயையும் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் கீழுதட்டின் உள்பக்கம் ராணி கலர் ஆகி, நடுவில் வெள்ளை வெள்ளையாகப் புண் வந்தது. வாடிக்கையாளர்கள் துணியைத் தோளில் போட்டுப் பார்க்கும் கண்ணாடி முன்னால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன். என்ன பண்ணுதே, கடைக்கு ஆள் வராங்க என்று கல்லாவிலிருந்து கணவர் அலுத்துக்கொண்டார்.

எது எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு ஆராய்ச்சியே நடத்தினேன். தக்காளி ஒரு துளி பட்டாலும் கண்ணில் தண்ணீர் வந்தது. வாழைப்பழம் சாது. ரசம் எதிரி. குழையப் பிசைந்த தயிர்சாதம் இறங்கியது. ஆறிப்போன காபி எரியவில்லை என்று கண்டுபிடித்தேன், ஆனால் அப்படிக் குடிப்பதைவிடக் குடிக்காமலே இருக்கலாம். பற்பசை நெருப்பாக எரிந்தது. கே.கே. நகரில் எங்கள் தெருமுனைக் கடையில் குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ் வாங்கினேன், பிடியில் மஞ்சள் வாத்து. நர்ஸ் சொன்னபடி உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளித்தேன். எனக்காகக் கணவர் ஊறுகாயை விட்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவதற்கு ஊறுகாயே போட்டுக்கொள்ளலாம் என்று அவரைத் திட்டினேன்.

வாய் ஒருவழியாக வழிக்கு வந்தது, கை வரவில்லை. உள்ளங்கை சிவந்து, வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டதுபோல் நாள் முழுக்க எரிந்தது. நோட்டின் முன்பக்கத்தில் தினமும் 'பரவாயில்லை' என்று எழுதினேன். பின்பக்கத்தில் வேறு வேலை நடந்தது. காலையில் வாசலில் நின்று, அன்றைய உள்ளங்கைச் சிவப்புக்கு எந்தத் துணி ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதில் நகம் அளவு வெட்டிக் குண்டூசியால் குத்தி வைத்தேன். வெங்காயத்தோல் கலரில் ஆரம்பித்தது, ராணி கலருக்கு வந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்றால், நாளைக்கு என்ன நிறமாகும் என்று பார்க்கும் ஆவல்தான். எரியும் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருக்க அது உதவியது.

முன்பக்கத்தில் பொய் எழுதியதற்குக் காரணம் வேறு. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் காத்திருந்த ஒரு அம்மாள், கை உரிகிறது என்று சொன்னதும் தனக்கு மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள், அப்புறம் நோய் திரும்பிவிட்டது என்று சொன்னாள். அது என் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. எரிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது, குறைத்தால் நான் செத்துப்போவேன். இதை யாரிடமும் கேட்கவில்லை, நானே முடிவு செய்துகொண்டேன்.

கடையில் பதினொரு வருஷமாக வேலை செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம், தினமும் இரண்டு பஸ் பிடித்து வருகிறாள். நான் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கத்தரியைப் பிடிப்பதைப் பார்த்து, உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று மருதாணி இலையை அரைத்துக் கொண்டுவந்தாள். உள்ளங்கையிலும் பாதத்திலும் அப்பியதும் அப்படி ஒரு குளிர்ச்சி. அவளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சிரித்தாள். வலி இருக்கிறதா என்றாள், கொஞ்சம்தான் என்றேன். சிவப்பு அவள் கண்ணில் படவில்லை. மூன்றாவது சுற்றுக்கு முழு மாத்திரையும் கைக்கு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது பரீட்சையில் காப்பியடித்து மாட்டாத பிள்ளையைப் போல இருந்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பும் மருதாணி வைத்துக்கொள்வது என்று அப்போதே தீர்மானித்தேன். அப்படியே வைத்தும் கொண்டேன்.

அந்தச் சுற்று முடிவதற்குள் குதிகாலில் கொப்புளம் வந்து, செருப்பைக் கண்டாலே பயம் என்றானது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின காலை, சுத்தமான காட்டன்தான் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். நான் வழக்கம்போல் துணியை விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்து, காட்டன்தான் என்று சொல்லிக் கத்தரியை எடுத்தேன். கடைப்பெண் மெதுவாக அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கி, வேறொன்றை வைத்தாள். நான் எடுத்தது கலப்படத் துணி. முப்பது வருஷத்தில் எனக்கு இது நடந்ததில்லை.

வாடிக்கையாளர் போனதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். பத்து மணி வெயில். மருதாணி ஆரஞ்சுக்கு அடியில் இன்னொரு சிவப்பு தெரிந்தது, விரல் ஓரங்களில் தோல் விட்டுப்போயிருந்தது.

"இன்னாக்கா இது? சூட்டுக்குன்னு அரைச்சுக் குடுத்தேன். நீ மூடி வெக்கிறதுக்குப் போட்டுக்கினு கீற."

போய் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவள் பிடியை விடவில்லை.

"பொடவைய மட்டும்தான் வெயில்ல பாப்பியா?"

உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சாவதற்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லி அழுதேன். கல்லாவில் இருந்த கணவர் எழுந்து வந்தார். நான் மறைத்தது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்து கொடுத்தேன். டாக்டர் துணித்துண்டுகளை வரிசையாகத் தொட்டுப் பார்த்தார். வெங்காயத்தோல், ராணி, கடைசி நான்கு நாளும் அரக்கு. முன்பக்கத்துப் 'பரவாயில்லை'களையும் பார்த்தார். தோல் ஆறும்வரை மாத்திரை வேண்டாம், பிறகு குறைத்துத் தருகிறேன் என்றார். குறைத்தால் திரும்ப வந்துவிடுமா என்று கேட்டேன். வராது என்று அவர் சத்தியம் செய்யவில்லை. இப்படியே போனால் அடுத்த சுற்றே உங்களால் முடியாது, குறைத்தால் எட்டையும் முடிக்கலாம், எரிச்சல் மருந்தின் பலத்துக்கு அளவுகோல் இல்லை என்றார். இவ்வளவு நாள் வீணாகவா எரிந்தேன் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

களிம்பு, காட்டன் சாக்ஸ், தளர்வான செருப்பு என்று வாழ்க்கை மாறியது. கத்தரி கடைப்பெண் கைக்குப் போனது. நோட்டில் அரக்கு ராணியாகி, ராணி வெங்காயத்தோலுக்கு இறங்கியது. நிறம் திரும்பி வருவதைப் பார்ப்பதும் ஒரு சுவாரசியம்தான். கைப்பேசிக்கு இன்னும் என்னைத் தெரியவில்லை, எண்ணை அழுத்தித்தான் திறக்கிறேன்.

நான்காவது சுற்று குறைந்த அளவில் முடிந்த பிறகு நர்ஸ் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டச் சொன்னாள். தலைக்கு மேல் ட்யூப் லைட் எரிந்தது.

"இங்க வேண்டாம் சிஸ்டர்" என்று சொல்லி எழுந்து, ஜன்னலோரம் போய் இரண்டு உள்ளங்கையையும் வெயிலில் விரித்தேன். அவள் குனிந்து பார்த்து, எரிகிறதா என்று கேட்டாள்.

"எரியுது. எழுதிக்கோங்க."