கூட்டுச் சீட்டு எடுத்த கை

அத்தை வீட்டுப் பித்தளைச் செம்புக்கு வாய் ரொம்பக் குறுகல். பெரியவர்கள் கை உள்ளே போகாது. போனாலும் வளையலோடு மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மாதா மாதம் கூட்டுச் சீட்டு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது, கை குச்சி மாதிரி இருக்கும். சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, தலை பின்னி, பத்து வெள்ளி நோட்டைப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டு, மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளியிருந்த அத்தை வீட்டுக்குப் போவேன். அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. கூட்டுக்குத் தலைவி அவர்தான். பத்துப் பேர், ஆளுக்குப் பத்து வெள்ளி, மாதம் ஒருவருக்கு மொத்தம் நூறு. முதல் மாதத்துப் பணம் தலைவிக்கு. அடுத்த மாதத்திலிருந்து யார் பெயர் செம்பிலிருந்து வருகிறதோ அவருக்கு. பணம் எடுத்தவரும் கடைசி மாதம் வரை கட்டித்தான் ஆக வேண்டும். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, எல்லாம் நம்பிக்கைதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுப்பவர். மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்தைய வருடக் கடைசியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வாடகை நின்றது. மளிகைக்கடையில் கடன் ஏறிக்கொண்டே போனது. கடைக்காரர் நல்லவர்தான், ஆனாலும் அரிசி நிறுக்கும்போது முன்னே போல் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவதை நிறுத்திவிட்டார். பிப்ரவரியில் ஒருநாள் அம்மா தன் இரண்டு வளையல்களையும் சோப்பு போட்டுக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் சீனர் அடகுக்கடையில் வைத்தாள். எண்பது வெள்ளி. அது அவள் அப்பா போட்டு அனுப்பிய வளையல். இந்த ஊரில் அவளுக்குத் தாய்வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. அந்த வளையல்தான் அவளுக்குத் தாய்வீடு. தவணை ஆறு மாதம். அதற்குள் மீட்க வேண்டும், இல்லை வட்டியாவது கட்டிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஏலத்துக்குப் போய்விடும்.

கூட்டில் சேரச் சொன்னது அப்பாதான். “நூறு வெள்ளி மொத்தமா கையில வந்தா வளையலையும் மீட்டுடலாம், மிச்சத்துல கடைக்காரன் வாயையும் அடைச்சிடலாம்” என்றார். மாதம் பத்து வெள்ளியை எங்கிருந்து எடுப்பது? அம்மா எடுத்தாள். காலைப் பசியாறலுக்கு ரொட்டி போய்ப் பழைய சோறு வந்தது. மீன் வாங்குவதைப் பசார் மூடும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள், அப்போதுதான் மிச்சம் மீதி மலிவாகக் கிடைக்கும். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கப் பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவோம். எனக்குச் சட்டை தைப்பதை நிறுத்திவிட்டுப் பழைய சட்டைக்கு அடியில் துணி ஒட்டுப்போட்டாள். இதில் ஒன்றையும் அவள் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, என் வலது உள்ளங்கையில் குங்குமம் தொட்டு வைப்பாள். “நம்ம பேரா எடுடி தங்கம்.”

மார்ச் மாதம் எடுத்தேன், வேறு பெயர். ஏப்ரலில் எடுத்தேன், அதுவும் வேறு பெயர். நான் சீட்டை எடுத்துக் கொடுப்பேன், அத்தை பிரித்துப் படிப்பார், படித்ததும் அடுப்பில் போட்டுவிடுவார். கூட்டுக்காரர்கள் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள், புக்கிட் பாருவில் ஒருத்தர், செங் தோட்டத்தில் செங்காரம்மா என்று. பணத்தைக் கொடுத்தனுப்புவார்கள், யாருக்கு விழுந்தது என்பதை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அப்பா வாசலிலேயே நின்று, “யாருக்கும்மா விழுந்துச்சு இந்த மாசம்?” என்பார். சொன்னதும் என் தலையைத் தடவி, “போவுது போ, அடுத்த மாசம் உன் கையாலயே விழும்” என்பார். எனக்கு அப்பா என்றால் உயிர். அவர் சொன்னால் நடக்கும் என்று நினைத்தேன்.

மே மாதம் எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. அம்மா வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டியம்மாவுக்கு, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்டதால், தமிழ் வராது, மலாய்தான் பேசுவார். ஆனால் அம்மைக்கு என்ன செய்யவேண்டும் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். தினம் வேலிக்கு மேலே வேப்பங்கொத்தும் இளநீரும் நீட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து வெள்ளியை அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே, “செங்காரம்மாவுக்கு விழுந்துச்சாம்” என்றார். அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். நான் பாயில் படுத்துக்கொண்டு, நான் போயிருந்தால் விழுந்திருக்குமோ என்று அழுதேன்.

அடுத்த மாதம் அத்தை மகளுக்குக் கல்யாணம், கோயில் மண்டபத்தில். தாய்மாமன் சீர் செய்யவேண்டியது அப்பா. இருக்கிற கடனில் என்ன செய்யப்போகிறார், ஒரு புடவையும் பழமும் வைத்தால் போதாதா என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பவுனில் சங்கிலியே கொண்டுவந்து காட்டினார், கூடவே பட்டுப்புடவை. “ஓவர்டைம் காசு. மெர்டேக்கா வருதுன்னு பஸ்ஸுக்கெல்லாம் ஓட்டம் ஜாஸ்தி” என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், சீர்த் தாம்பாளத்தை அவள்தான் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி மேளத்துக்குப் பின்னால் நடந்தாள். கையில் கண்ணாடி வளையல். மண்டபமே பார்த்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என் தம்பி என்னை விட்டுக்குடுக்கல” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நான்தான் எடுத்தேன். விழவில்லை. அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள், “உன் கை ராசி அப்படி போலிருக்கு” என்று. எனக்கு அது நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போதுகூட யாரையும் வலது கையால் தொடமாட்டேன், தொட்டால் அவர்களுக்கு ஆகாது என்று ஒரு பயம். இதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையைத் தடவி, “பைத்தியம், கையில என்ன இருக்கு, அடுத்த மாசம் பாரு” என்றார்.

ஆகஸ்டோடு வளையலுக்குத் தவணை முடிகிறது. வட்டி கட்டிப் புதுப்பிக்க அம்மா சில்லறை சில்லறையாகப் பத்து வெள்ளி சேர்த்து வைத்திருந்தாள். அந்த மாதம் கூட்டுக்குக் கட்ட வேறு காசில்லை. ஒன்றைக் கட்டினால் இன்னொன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பத்து வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். “நாலே பேருதான் பாக்கி, இந்த வாட்டி நமக்குத்தான்” என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள். அப்போதே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ராசி இல்லாத கை, சரி. திருட்டுக் கை ஆகிவிட்டால் போகிறது. அத்தை எனக்குத் தேநீர் கலக்க அடுப்படிக்குப் போவார். அந்த நேரத்தில் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்து, அம்மா பெயரை விரலிடுக்கில் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியே செய்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு அத்தை அடுப்படிக்குப் போனதும் செம்பைக் கவிழ்த்தேன். நான்கு சீட்டு. ஒன்றைப் பிரித்தேன், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவதில் செங்காரம்மாவின் பெயர் இருந்தது. மே மாதமே எடுத்தாயிற்று என்றார்களே, இவர் ஏன் இன்னும் செம்புக்குள் இருக்கிறார்? நான்காவதும் அம்மா இல்லை. செம்புக்குள் கையைவிட்டுத் துழாவினேன். தரையில் தேடினேன். திருடத்தான் வந்தேன், திருட அங்கே ஒன்றுமே இல்லை.

அத்தை தேநீரோடு வந்து நின்றார். பிரித்த சீட்டுகளையும் என்னையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “உங்கப்பன் வீட்டுல சொல்லவே இல்லியா?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். “மே மாசமே உங்கம்மா பேருல வாங்கிட்டுப் போயிட்டான். நானா குடுத்தேன்? வந்து கெஞ்சுனான். மாமன் சீர் இல்லாம எம்பொண்ணு மணவறையில உக்காந்தா, அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான், சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, குட்டி.” அதாவது ஒரு கையால் கொடுத்தார், மறு கையால் மகளுக்கு வாங்கிக்கொண்டார். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் குங்குமக் கையோடு நான் செம்புக்குள் துழாவும்போது எதிரே உட்கார்ந்து, “நல்லா கலக்கி எடு” என்று வேறு சொன்னார். நான் தேநீரைக் குடிக்கவில்லை.

வீட்டில் மத்தியானச் சோறு. அப்பா காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இந்த மாதமும் இல்லை என்று தெரிந்துவிட்டது, கேட்கவில்லை. அப்பாதான் கேட்டார், எப்போதும் போல, சோற்றைப் பிசைந்துகொண்டே. “யாருக்கும்மா விழுந்துச்சு இந்த மாசம்?”

“அம்மாவுக்குப்பா. மே மாசமே விழுந்துடுச்சாம்.”

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் போட நேரமே ஆகவில்லை. “அடப்பாவி மனுசா! அந்தத் தாம்பாளத்த நாந்தானே தூக்கிட்டுப் போனேன்” என்றாள். கத்தக்கூட இல்லை. குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்னங்க, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. உங்க அக்கா மவளுக்கு இல்லன்னா சொல்லியிருப்பேன்?” என்றாள். அப்பா குனிந்த தலை நிமிராமல், “உங்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு” என்றார்.

எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் ஆறவில்லை. பெண்டாட்டியிடம் கேட்க வெட்கமாம். பதினொரு வயதுப் பிள்ளையின் தலையைத் தடவி மாதா மாதம் பொய் சொல்ல வெட்கமாக இல்லை. என் கையைப் பற்றி நான் அழுதபோது, உன் மேல் தப்பில்லை, நான்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அம்மாவிடம் மூச்சுவிட்டிருக்க மாட்டேன். அத்தனை உயிர் அவர்மேல் எனக்கு. பணத்தை எடுத்ததை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். ஏழைகள் வீட்டில் கல்யாணம் வந்தால் மானத்துக்கு விலை கூடிவிடுகிறது, எனக்கும் பிறகு புரிந்தது. மற்றது எனக்கு மன்னிக்க வரவில்லை.

வட்டிக்கென்று சேர்த்த அந்தப் பத்து வெள்ளியை அத்தையிடமிருந்து திரும்பக் கேட்க அம்மா ஒப்பவில்லை, “அது ஊரான் காசு” என்றுவிட்டாள். அப்பா நாலு இடத்தில் கைமாற்றுக்கு அலைந்தார். எல்லா இடத்திலும் ஏற்கெனவே பாக்கி இருந்தது. ஊரெல்லாம் கொடி கட்டி, பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்து, மெர்டேக்கா என்று கத்தச் சொன்னார்கள். நானும் கத்தினேன். மறுநாள் அம்மா அடகுக்கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, அடகுச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். வளையல் போயிற்று. அதன் பிறகு அவள் தங்க வளையல் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த சம்பள நாளன்று அம்மா நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் கம்பெனிக்கு நடந்தாள். அங்கே கேட் ஓரமாகச் சில பெண்கள் நிற்பது வழக்கம். குடிகாரன் பெண்டாட்டி, குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவன் பெண்டாட்டி, சம்பளத்தைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போக வந்தவர்கள். டிரைவர், டிக்கெட்காரர் எல்லாம் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். அப்பாவே வீட்டில் வந்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அம்மா போய் அந்தப் பெண்களோடு நின்றுகொண்டாள். கல்யாண மண்டபத்தில் எந்த முகத்தைக் காப்பாற்ற அவ்வளவும் செய்தாரோ, அந்த முகத்தோடு அப்பா முற்றத்தைத் தாண்டி எங்களை நோக்கி வந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சம்பள உறையைப் பிரிக்காமல் அம்மாவின் கையில் வைத்தார். அவள் அங்கேயே எண்ணினாள், வாடகைக்கு, கடைக்கு, கூட்டுக்கு என்று பிரித்து முந்தானையில் மூன்று முடிச்சுப் போட்டாள், அவருக்கு டீக்காசு இரண்டு வெள்ளி கொடுத்தாள். கடனெல்லாம் தீர இரண்டு வருடம் ஆயிற்று, ஒரு மாதம் கூட அவள் அந்த கேட்டுக்குப் போகத் தவறியதில்லை.

அந்த முதல் நாள் அப்பா டீக்காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னைத்தான் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நீயாவது எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்மா” என்றார்.

“நீங்களுந்தாம்ப்பா” என்றேன்.