ஆளுக்கொரு பெட்டி

ஒன்பது வயதில் ஒரு பாகப்பிரிவினையையே தீர்த்து வைத்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

மஸ்கட்டில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு லீவுக்கு வந்தபோது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் கொண்டுவந்தார். தேக்கு நிறம், முன்னால் கறுப்புத் துணி. அப்பா அவற்றுக்கென்றே பலாப்பலகையில் அலமாரி அடித்து, இந்தக் கோடிக்கு ஒன்று அந்தக் கோடிக்கு ஒன்று என்று வைத்தார். சித்தப்பா ஊரோடு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். மேளம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். பாடுகிறவர் மட்டும் பெட்டியே இல்லாத நடுச்சுவரில் நின்று பாடுவார். நான் அந்தச் சுவரைத் தடவிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

பிறகு எங்கள் அந்த ஆலங்குடி வீட்டில் பாகம் பிரித்தார்கள். தென்னை, முந்திரிக்கொல்லை, அண்டா குண்டா எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தன. ஸ்பீக்கர் பெட்டியில் வந்து வழக்கு நின்றுவிட்டது.

"அவன் வாங்கியாந்தது. ரெண்டையும் அவனே கொண்டு போகட்டும்" என்றார் அப்பா.

"அண்ணன் வீட்லயே இருக்கட்டுங்க. எனக்கு வேணாம்" என்றார் சித்தப்பா.

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் ஏறிக்கொண்டே போனது. பேச வந்த பெரியவர்களுக்கோ பசி. உள்ளே சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அதான் ரெண்டு இருக்குல்ல? ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட வேண்டியதுதானே!"

"ஆத்தாடி! வக்கீலு தோத்தாரு போ!" என்று ஒரு பெரியவர் என் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் புத்திசாலித்தனத்தில் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்து, இரண்டு அப்பளம் கூடுதலாகக் கேட்டு வாங்கித் தின்றேன்.

சித்தப்பா தன் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுவீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் மேளம் மட்டும் ஓங்கி அடித்தது; பாட்டு சோகை பிடித்துக் கிடந்தது. ஒயர் கோளாறு என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அப்பா பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டார். அண்ணன் தம்பிக்குள் பகை ஒன்றுமில்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதற்குத்தான் காரணம் இல்லாமல் போயிற்று.

போன மாதம் சித்தப்பா இறந்துவிட்டார். காரியம் முடிந்த அன்று சித்தி, பழைய வேட்டியில் சுற்றிய பெட்டியை என்னிடம் நீட்டினார். "ஒரு நாளும் இதப் பாட விட்டதில்லத்தா. அண்ணன்ட்டக் குடுக்கணும், குடுக்கணும்பாரு."

பலா அலமாரியில் இரண்டையும் வைத்து ஒயர் மாட்டிக் கொடுத்தேன். பாடுகிறவர் மறுபடியும் நடுச்சுவருக்கு வந்துவிட்டார். அப்பா பெஞ்சின் ஒரு கோடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல ஒக்காருங்கப்பா, அப்பத்தான் நல்லா கேக்கும்."

"இருக்கட்டும்த்தா" என்றார். நகரவில்லை.

ஜோடி எந்த வீட்டில் இருந்திருந்தாலும், மற்றவர் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க வந்திருப்பார். 'நான் உன் வீட்டுக்கு வருகிறேன்', 'இல்லை, நான்தான் உங்கள் வீட்டுக்கு வருவேன்' என்றுதான் அன்றைக்கு இருவரும் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஒன்பது வயதுக்காரியின் காதில் அது சண்டையாகத்தான் விழுந்தது.