யமுனா கேட்ட இரண்டாவது விலை

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டுப் பள்ளிக்கு டீச்சராக நான் மாற்றலாகி வந்தபோது எதிர்வீட்டில் யமுனா இருந்தாள். மிளகு அவள் பயிர், ஒழுகுகிற வீடு அவள் தலைவலி. மழை வந்தால் புருஷன் மணிவண்ணன் குண்டான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எது எங்கே சொட்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். இந்த மிளகில் எப்படியும் கூரையை மாற்றிவிடுவது என்று யமுனா ஒற்றைக்காலில் நின்றாள்.

கார்த்திகை பிறந்தால் பேளுக்குறிச்சி வியாபாரி வேல்முருகன் அச்சாரத்தோடு மலையேறுவார். பறிப்பு முடிந்ததும் பேசிய விலைக்கு மிளகை எடுத்துக்கொள்ள அது அவருக்கு உரிமை. சந்தையில் விலை ஏறினால் வந்து எடுப்பார். இறங்கினால் வரவே மாட்டார், அச்சாரம் விவசாயிக்கு. கிலோவுக்குப் பத்து ரூபாய் அச்சாரம் கொடுக்கவே மூக்கால் அழுகிற மனுஷர், அந்த வருஷம் கிலோ அறுநூறு என்று விலை பேசி, கிலோவுக்கு நாற்பது அச்சாரத்தை நீட்டினார்.

மணிவண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. யமுனாவை உள்ளே இழுத்துப்போய், "வெல எகிறப் போகுது புள்ள! அச்சாரமே வேண்டாம், வெச்சிருந்து நாமளே வித்துக்கலாம்" என்று குதித்தான். அந்தச் சத்தம் என் வாசல்வரை கேட்டது. எரிச்சலாக வந்தது எனக்கு. பாதியைக் கேட்டதுமே அவனுக்குக் கணக்கு முடிந்துவிடும்.

யமுனா வெளியே வந்து வியாபாரியிடம் வேறொன்று கேட்டாள். "ஏனுங்க, வெல எவ்வளவு எறங்குனாலும் அதே அறுநூறுக்கு எடுத்துக்கறேன்னு நீங்க வாக்குக் குடுக்கோணும்னா, நான் என்ன தரோணுங்க?"

"அதுக்கும் கிலோவுக்கு நாப்பது ஆகும் அம்மிணி. இந்த வருசம் எனக்குத் துணிச்சல் இல்லீங்க."

யமுனா புருஷனிடம் திரும்பினாள். "ஏறும்னு அவரு நெனைக்கலீங்க. எந்தப் பக்கம்னு தெரியாம பயந்துட்டு இருக்காரு. ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் ஒரே மாதிரி இவ்வளவு போடறாருன்னா வெல ஆட்டம் பெருசா இருக்கும். அதுல நம்ம கூரைய வெக்க முடியாதுங்க."

பிறகு வியாபாரியிடம், "உங்க நாப்பதும் வேண்டாம், எங்க நாப்பதும் வேண்டாம். ஏறுனாலும் எறங்குனாலும் அறுநூறுக்கு நான் குடுத்தாகோணும், நீங்க எடுத்தாகோணும்" என்றாள். அவர் தலையாட்டினார்.

சென்னையில் பங்குச் சந்தை வேலையில் இருக்கும் என் தம்பி பெஞ்சமினிடம் போனில் இதைச் சொன்னேன். "நாங்களும் அதைத்தான்க்கா பண்றோம். உங்க அச்சாரம் மாதிரி, பேசின விலைக்கு வாங்கவோ விக்கவோ காசு குடுத்து வாங்குற உரிமையைத்தான் ஆப்ஷன்னு சொல்றோம். ஏறும்னு வாங்குற ஆப்ஷன், இறங்கும்னு வாங்குற ஆப்ஷன் ரெண்டோட விலையையும் சேர்த்துப் பார்த்தாதான் சந்தை எவ்வளவு ஆடும்னு எதிர்பார்க்கிறாங்கன்னு தெரியும். எந்தப் பக்கம்னு அது சொல்லாது" என்றான்.

மாசியில் விலை எழுநூற்றைம்பதைத் தொட்டது. வேல்முருகன் வாயெல்லாம் பல்லாக வந்து அறுநூறு கொடுத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். மணிவண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். எனக்கே மனசு கேட்கவில்லை. "விட்டுட்டியே யமுனா" என்றேன்.

"கூரைக்கு வேண்டியது கெடச்சிருச்சுங்க டீச்சர்." அவள் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை கொட்டியது. மணிவண்ணன் பழக்கதோஷத்தில் குண்டானோடு நடுவீட்டுக்கு ஓடுவது என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், யமுனாவும் சிரித்தாள்.

அவன் கையிலிருந்த குண்டானை வாங்கி அடுப்பில் வைத்து, "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள்.