எதிர் வீட்டில் ஏறிய கரண்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த சமயம். இடம், மணமேல்குடியில் கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் தெரு. நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். வாயை அடக்கத் தெரியாதவள் என்று வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரப் பெயர் வாங்கியவள். அந்த வாய்தான் அன்று என்னைக் காப்பாற்றியது என்று இப்போதும் சாதிப்பேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் லீவில் வந்தபோது, வழக்கம்போல் சாக்லேட்டும் தைலமும் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அவர் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு இரும்புப் பெட்டி. முன்னும் பின்னும் விசிறி, மேலே தனியாக ஒரு பவர் சப்ளை. கூடத் தங்கியிருந்தவர் வேண்டாம் என்று கொடுத்த பழைய கிரிப்டோ மைனிங் மிஷினாம். வீட்டுக் கரண்டிலும் இன்டர்நெட்டிலும் ஓடி, ராப்பகலாக ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்த வேலைக்குக் கூலியாகத் துளித்துளியாகப் பிட்காயின் சேரும். இவ்வளவுதான் விஷயம். இதை என் மாமியாருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"அப்ப அது கணக்குப் போடுறதுக்கு நாம கரண்டு பில்லு கட்டணுமா?" என்று அத்தை கேட்டார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டார்.

லீவு முடிந்தது. மிஷினை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் மனிதர் விமானம் ஏறிவிட்டார். மிச்சத்தை போனில் சொல்கிறேன் என்றார். பிறகென்ன, ஸ்டோர் ரூம் என் சோதனைக்கூடமானது.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் மிஷின் கெட்டுவிடும் என்று பயந்து, ஃப்ரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி இதற்கு மாட்டினேன். அது தாங்குகிற சுமை என்ன, இந்த மிஷின் இழுக்கிற கரண்ட் என்ன என்று பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட், ஆம்பியர் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுகிறவள் நான்! ஸ்டெபிலைசர் கீச்சென்று கத்தியது, புகைந்தது, அடங்கிவிட்டது. அடுத்து, கடற்காற்றில் வரும் உப்பும் தூசியும் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று விசிறி மேல் பழைய கொசுவலையை நான்காக மடித்துக் கட்டினேன். மிஷினுக்கு மூச்சு முட்டியது. சூடு ஏறி, சிவப்பு விளக்கைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

அதன்பிறகு எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, பெரிய பவர் பிளக் வைத்தேன். மின் அலுவலகத்துக்குப் போய் வீட்டு இணைப்பின் லோடையும் கூட்டி வாங்கிக்கொண்டேன். எல்லாம் முறைப்படி செய்து மிஷினைப் போட்டால், நன்றாக ஓடும். முழு வேகம் பிடித்ததும் பொட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி கிளம்பும். திரும்பவும் நிற்கும். கேபிளை மாற்றினேன். தூசி ஊதினேன். பவர் சப்ளையின் பிளக் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டினேன். பலன் இல்லை.

"பவர் சப்ளை போயிருச்சு. அதைத் தூக்கி எறிஞ்சிரு, வேற வாங்கித் தாரேன்" என்றார் கணவர் போனில். எனக்கு மனது வரவில்லை. அதை அப்படியே ஓடவிட்டு, எப்போது நிற்கிறது எப்போது கிளம்புகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எதிர் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இட்லி மாவு அரைத்து எங்கள் தெருவுக்கும் இரண்டு டீக்கடைகளுக்கும் கொடுப்பவர். கணவரை இழந்தபின் அந்தக் கிரைண்டரை வைத்தே மகளை நர்சிங் படிக்கவைத்தவர். என்னை "ஏ பிள்ள" என்றுதான் கூப்பிடுவார். நான் பள்ளிவிட்டு வரும்போது வாசலில் நின்று, ஒரு டம்ளர் காபியோடு ஊர்க்கதை முழுவதையும் கொடுத்தனுப்புவார். கூடப் பிறந்தவள் இல்லாத குறையே எனக்குத் தெரிந்ததில்லை.

மிஷின் ஓட ஆரம்பித்த அந்த வாரத்தில் அக்காவின் கிரைண்டர் கருகிப் போனது. அதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டில் ஒரு டிவி போயிருந்தது. தெருவே கூடி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. யாருக்கும் சந்தேகமே இல்லை. தெருவுக்குப் புதிதாக வந்தது எது? எங்கள் வீட்டில் ஓயாமல் இரைகிற அந்தப் பெட்டிதானே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "டீச்சர், ஒங்க மிஷினு தெருக் கரண்டையெல்லாம் உறிஞ்சுது. நீங்களா நிப்பாட்டிட்டா நல்லது. இல்லாட்டி எழுதிக் குடுத்து ஒங்க லைனைக் கட் பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார் டிவி போன வீட்டுக்காரர்.

அவர் பேசியதுகூட எனக்கு உறைக்கவில்லை. அக்கா தன் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒங்க மிஷினு எங் கிரைண்டரைத் தின்னுருச்சுங்க டீச்சர்" என்றார். டீச்சர்! அந்த மரியாதை எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே போய் மிஷினை அணைத்துவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன்.

மெக்கானிக் கிரைண்டர் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டார். ஆனால் அக்கா அதைப் போடப் பயந்தார். இன்னொரு தடவை கருகினால் பிழைப்பு அதோடு சரி. ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்துக்கொண்டு கையால் ஆட்ட ஆரம்பித்தார். தோள்வலிக்காரர் வேறு. நான் வாசலில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கல் சுற்றுகிற சத்தம் எங்கள் கூடம்வரை கேட்கும். என் காதில் அது என்னைத் திட்டுகிற மாதிரியே விழும். மிஷின் போனால் போகட்டும், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். ஆனால் அக்காவின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்ற பேரோடு எதிரிலேயே எப்படிக் குடியிருப்பது?

ஒரு நாள் சாயங்காலம் மறுநாளைக்கான சேலையை ஜன்னலோரம் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அக்கா வீட்டு வாசலில் ஒரு குண்டு பல்பு. நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் அந்த பல்பு பளீரென்று வெள்ளையாக எரிந்தது. பெட்டி சூடேறி 'டிக்' என்று தானாக நின்றதும் பல்பு பழையபடி மஞ்சளானது. மறுபடி 'டிக்'. மறுபடி பளீர். எங்கள் வீட்டு ஃபேனோ அதே நேரத்தில் சோர்ந்து சோர்ந்து சுற்றியது. பார்த்துக்கொண்டே நின்றதில் சேலை முந்தானை தீய்ந்துவிட்டது. நல்ல சேலை. போகட்டும்.

அப்போதுதான் மெக்கானிக் சொன்னதாக அக்கா தெருவில் புலம்பியது ஞாபகம் வந்தது. ஹை வோல்டேஜில் கருகியிருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். வோல்டேஜ் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் முன்னால் இருந்த 'ஹை'யை விட்டுவிட்டோம். என் மிஷின் கரண்டை உறிஞ்சினால் அக்கா வீட்டில் குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடும்? அதுவும் இப்போது மிஷினே ஓடவில்லை, இஸ்திரிப் பெட்டிக்கே பல்பு பளீரென்கிறதே!

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வீட்டுக்கு வீடு கரண்டைக் கொண்டுவருகிற ஃபேஸ் வயர் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் எல்லோருக்கும் பொது. தராசை நடுவில் பிடித்திருக்கிற கயிறு மாதிரி அது. அது சரியாக இருக்கும்வரை இரண்டு தட்டும் சமமாக நிற்கும். கயிறு நைந்துபோனால், சுமை ஏறுகிற வீட்டில் வோல்டேஜ் இறங்கும், வேறு ஃபேஸில் இருக்கிற எதிர் வீட்டில் ஏறும். என் மிஷின் முழு வேகம் பிடித்ததும் ஏன் நின்றது என்பதும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. பவர் சப்ளை பாவம், வோல்டேஜ் போதாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. அதே நேரம் அக்கா வீட்டில் எகிறியிருக்கிறது.

மிஷினோடு கணவர் கொடுத்திருந்த, வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். டிவிக்காரரும் மாவு வாங்க வந்த இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள்.

"எதுக்குங்க டீச்சர் இங்கிட்டு வந்தீங்க?" என்றார் அக்கா.

"அக்கா, ஒரே ஒரு தடவை அளந்து பாக்க விடுங்க. எம் மிஷினுதான் காரணம்னு தெரிஞ்சா நானே அதை ரோட்டுல தூக்கிப் போட்டுட்டுப் போறேன். ஒங்க கண்ணு முன்னாடி."

அக்கா என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். பிறகு வழிவிட்டு நகர்ந்தார். முதலில் அவர் வீட்டுச் சாமான்கள் அத்தனையின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டோம். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பிளக் பாயின்டில் வைத்தேன். 238 வோல்ட் காட்டியது, சரியான அளவுதான். எல்லோரையும் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, தெருவுக்குக் குறுக்கே என் மாமியாருக்குக் குரல் கொடுத்தேன்.

"அத்தை, இஸ்திரிப் பொட்டியைப் போடுங்க!"

மீட்டர் 271க்குத் தாவியது.

"அத்தை, நிப்பாட்டுங்க!"

இறங்கியது. போடச் சொன்னேன், ஏறியது. அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் சொல்லாமலேயே இன்னும் ஒருமுறை போட்டுக் காட்டினார்.

"இஸ்திரிப் பொட்டிக்கே இப்புடியா?" என்றார் டிவிக்காரர்.

"மிஷினுக்கு இன்னும் கூடுதலா ஏறியிருக்கும். அதை நான் மறைக்கலை. ஆனா எந்த வீட்ல மோட்டாரு போட்டாலும், ஹீட்டரு போட்டாலும் யாரோ ஒருத்தர் வீட்ல எகிறத்தான் செய்யும். கோளாறு கரண்டு போஸ்ட்டுல இருக்கு. எம் பொட்டியைத் தூக்கி எறிஞ்சாலும் நாளைக்கு ஒங்க ஃப்ரிட்ஜு போகும்" என்றேன். வகுப்பில் இப்படி ஒரு நாள் பிள்ளைகள் கவனித்திருந்தால் நான் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறேன்!

அன்று தெரு முழுக்க யாரும் பெரிய சாமான்களைப் போடவில்லை. காலையில் மின் அலுவலகத்துக்கு நானும் டிவிக்காரரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறினார். தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மேலே ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"நியூட்ரல் ஜாயின்ட்டுதாங்க!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. "உப்புக் காத்துல அரிச்சு மாவா உதிருது. ஒரே ஒரு இழைதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு காத்து அடிச்சிருந்தா ஒரு வீட்லயும் பல்பு மிஞ்சியிருக்காது."

நான் துள்ளிக் குதித்தேன் என்றால் நம்புங்கள். நாற்பது வயதில், தெருவில், சேலையோடு. யாரோ தோளைப் பிடித்து அமுக்கினார்கள். அக்கா.

"ஏ பிள்ள, விழுந்துறாத" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "கோவத்துல ஒரு வார்த்தை கேக்காம இருந்துட்டேன்டி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பழைய ஜாயின்ட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இறுக்கிக் கட்டி, சப்ளை கொடுத்தார்கள். அக்கா வீட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு, அத்தையை மறுபடி இஸ்திரிப் பெட்டியைப் போடச் சொன்னேன். எண் ஆடவே இல்லை. பிறகு அக்காவை எங்கள் ஸ்டோர் ரூமுக்கு இழுத்துப் போய், மிஷின் சுவிட்சை அவர் கையாலேயே போடச் சொன்னேன். விசிறி கிளம்பி, முழு வேகம் பிடித்து, வீடே அதிர இரைந்தது. நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. பச்சை விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. தூக்கி எறியச் சொன்ன அதே பவர் சப்ளை! அக்கா ஓடிப் போய்த் தன் கிரைண்டரைப் போட்டார். எதிரும் புதிருமாக இரண்டும் ஓடின. சிங்கப்பூருக்கு போன் போட்டு அந்த இரைச்சலை மட்டும் கணவரைக் கேட்க வைத்துவிட்டு போனைத் துண்டித்தேன். அவருக்கு அது போதும்.

மிஷின் சம்பாதித்துக் கொட்டியதா என்று கேட்காதீர்கள். மழைக்காலத்தில் அதன் பின்பக்கம் வருகிற அனலில் என் மாமியார் மோர் மிளகாய் காயவைக்கிறார். அந்த வகையில் வீட்டுக்கு உபயோகம்தான். ஆனால் சென்ற மாதம் நடந்ததைச் சொன்னால் என் லாபம் உங்களுக்குப் புரியும். எங்கள் தெருவில் ஒருவர் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். வாங்கிய மறுநாளே, அது சார்ஜ் ஏறுவதால்தான் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று பேச்சு கிளம்பி, நாலு பேர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் அக்கா அங்கே போய் நின்றுவிட்டார். மாவுக் கையோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"அளந்து பாத்தீகளா?"

கூட்டம் கலைந்துவிட்டது. வாசலில் நின்று அதைப் பார்த்த எனக்கு ஏற்பட்ட பூரிப்பை என்ன சொல்ல? இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த அறிவியல், ஒரு மனுஷியை வீண்பழியிலிருந்து காப்பாற்றும் என்று நானே அந்த ஆடி மாதத்தில்தான் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதற்கு முன் என் வாயும் கொஞ்சம் நின்று, அளந்து பார்த்தாயா என்று என்னையே கேட்டுக்கொள்கிறது.