குழலுக்குள் புழு

நாக்கில் பட்டபோது அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கடைவாய்ப் பல்லில் நசுங்கியதும் பச்சைப் புல்லும் ஊசிப்போன எண்ணெயும் கலந்தாற்போல ஒரு கசப்புத் தொண்டைவரை இறங்க, விரலில் துப்பிப் பார்த்தால், அரைச் சோற்றுப் பருக்கையளவில், இளஞ்சிவப்பு நிறத்தில், பாதி உடைந்தும் மீதி நெளிந்துகொண்டும் ஒரு புழு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏறாவூர்க் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த வாப்பா, அதை மூடிவிட்டு அந்த மாரியில்தான் முதன்முதலாக வயலில் இறங்கியிருந்தார். விதைநெல் தந்தவர், வரம்புக்கு அந்தப் பக்கம் வயல் செய்த அவருடைய தம்பி, என் சாச்சா. சாச்சா முந்தி விதைத்தார்; வாப்பா ஆள் பிடிக்கத் தெரியாமல் பிந்தி விதைத்தார். பயிர் கிளைவிடும் நேரத்தில் எங்கள் வயலில் மட்டும் வெங்காயத்தாள்போல வெளிறிய குழல்கள் கிளம்பின. அதிலொன்றை உருவி ‘பீப்பி’ ஊதலாமென்றுதான் வாயில் வைத்தேன். வாய்க்கால் தண்ணீரில் எத்தனை முறை கொப்பளித்தும் அந்தக் கசப்பு போகவில்லை. வீட்டில் வாய் திறக்கவுமில்லை. ‘கண்டதையும் வாயில வைக்கிற புள்ள’ என்று உம்மா ஏசுவார். எனக்கு மூத்த ராத்தா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

மறுநாள், அந்தக் குழல்களைக் களைப்புல்லென்று நினைத்து, வரம்பில் வாப்பா சாச்சாவிடம் சத்தம்போட்டார். “நல்ல நெல்ல நீ விதைச்சிட்டு, புல்லு கலந்தத என்ட தலையில கட்டிட்டாய்!”

“அல்லாவுக்குத் தெரியும் காக்கா, ரெண்டும் ஒரே விதைதான். விடுங்க, இறங்கிப் பாக்கிறன்” என்று சாச்சா தன் அண்ணனிடம் கெஞ்சினார்.

“என்ட வயலுக்க கால் வைக்காத!”

எனக்கு உண்மை தெரியும். வாப்பாவின் பின்னால் நின்றேன்; பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் முற்றத்திலும் வாப்பா தம்பியைக் கள்ளன் என்றார். எட்டு நாட்கள் இப்படியே போயின. சோற்றைக் கண்டால் ஒவ்வொரு பருக்கையும் நெளிந்தது. கறியை நக்கிவிட்டு எழும்பினேன். கடைசியில் உம்மா தாடையைப் பிடித்துக் கேட்க, குழலுக்குள் புழு இருக்கிறதென்று மட்டும் அழுதுகொண்டே சொன்னேன்; என்றைக்குக் கண்டேனென்று சொல்லவில்லை.

வாப்பா என்னை வயலுக்குக் கூட்டிப்போய்க் குழல்களை நகத்தால் கீறினார். சிலதில் புழு, சிலதின் நுனியில், ஈ பறந்துபோன ஓட்டையில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு வெறும் தோல்.

“எப்ப கண்ட நீ?”

“இண்டைக்குத்தான் வாப்பா.”

சேற்றுக் காலோடு வாப்பா சாச்சா வீட்டு வாசலில் போய் நின்றார். “தம்பி, புல்லில்லடா, புழு. நான் பேசினது பிழை.”

சாச்சா உள்ளே வரச் சொல்லவில்லை. “ஊருக்கு முன்னால சொன்னத ஊருக்கு முன்னாலயே எடுங்க காக்கா.”

அடுத்த வெள்ளிக்கிழமை அதே முற்றத்தில் நின்று வாப்பா அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்தார். அந்தப் போகம் எங்கள் வயலில் பாதிக்குக் கதிரே வரவில்லை.

இரவில் கடிக்கிற நுளம்பைவிடச் சிறிய அந்த ஈயின் பெயர் ஆனைக்கொம்பன் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அதன் புழு குருத்தடியில் உட்கார்ந்து எதையோ சுரக்க, பயிர் தன் கதிரை விட்டுவிட்டு அதற்குக் குழல்வீடு கட்டிக்கொடுக்கிறதாம். தின்கிற புழுவையாவது பொறுத்துக்கொள்ளலாம். தன்னைத் தின்பவனுக்கு வீடும் கட்டிக்கொடுத்துச் சத்தமில்லாமல் நிற்கிற பயிரை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டுகிறது.

இப்போது அந்த வயல்களில் மதில் கட்டிய வீடுகள். வரம்பு எங்கே ஓடியதென்று எனக்கே காட்டத் தெரியாது. வாப்பா இல்லை. சாச்சாவும் போன நோன்புக்கு முன் மௌத்தாகிவிட்டார். அவர் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அந்த எட்டு நாட்களைச் சொல்லிவிடலாமென்று.

“சாப்பிட்டியா மகள்?” என்று கேட்டார்.

“ஓம் சாச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.